‘சாப்பாடு வேண்டாம், சாப்பிட வந்திருக்கேன்’: மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு ஒரு ஹோட்டல் வழிகாட்டி

கரூரில் ஒரு மெஸ். மதியம் ஒன்றரை மணி. தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்து முடிப்பதற்குள் சோற்று வாளியோடு ஆள் வந்து நின்றார். “சாப்பாடு வேண்டாங்க” என்றேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. “அப்புறம் எதுக்குங்க எலை?” என்றார்.

நியாயமான கேள்விதான். நம் ஊரில் சாப்பாடு என்றாலே சோறு. அது வேண்டாம் என்பவனுக்கு மெஸ்ஸில் என்ன வேலை? அன்று எனக்குப் பேலியோ (மாவுச்சத்தைக் குறைக்கிற உணவுமுறை) தொடங்கி நான்காவது நாள். பக்கத்து இலைக்காரர் வேறு திரும்பிப் பார்த்தார். சரி போடுங்க என்று சொல்லி, சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியோடு பஸ் ஏறினேன்.

பம்புசெட் உதிரிபாகம் விற்கிற வேலை எனக்கு. மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் மாவுச்சத்தைக் குறைப்பது சுலபம், வீட்டம்மா இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் சமைத்துவிடுவார். வெளியூரில்தான் மாட்டிக்கொள்வோம். ஆறு வருடம் அலைந்ததில் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: ஹோட்டலில் நமக்குச் சாப்பிட நிறைய இருக்கிறது, கேட்கத்தான் தெரிவதில்லை. மெனு கார்டில் ‘லோ கார்ப்’ என்று தேடினால் இருக்காது. சர்வரிடம் ‘கீட்டோ’ என்றால், அது நம்ம கடையில போடறதில்ல சார் என்பார். மாஸ்டருக்குப் புரிகிற சொல்லில் கேட்டால் அதே அடுப்பிலிருந்து அருமையான சாப்பாடு வரும்.

முதலில் மாத்திரை விஷயம்

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். பழைய அளவிலேயே மருந்தைப் போட்டுக்கொண்டு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, முன்பின் தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழும் நிலை வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குப் போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் கதையும் தனி. இது பயமுறுத்த அல்ல. இவர்கள் எல்லாரும் முதலில் மருத்துவரிடம் பேசி, அவர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு கணக்குத் தெரிந்தால் போதும்

கிராம் கணக்கில் மூழ்கினால் சாப்பாட்டில் ருசி போய்விடும். ஆனாலும் சில எண்கள் மனதில் இருக்கட்டும். வெந்த வெள்ளைச் சோறு நூறு கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மெஸ்ஸில் இரண்டு தடவை வாங்கினால் சோறு மட்டுமே 350 கிராமைத் தொடும். அதாவது ஒரே வேளையில் கிட்டத்தட்ட 100 கிராம் மாவுச்சத்து. பரோட்டா ஒன்றுக்கு, அளவைப் பொறுத்து 35 முதல் 45. ஓர் இட்லிக்கு 10 கிராமை ஒட்டி வரும். முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. பன்னீர் நூறு கிராமுக்கு ஐந்துக்குள். கறி, கோழி, மீனில் இல்லை என்றே சொல்லலாம், ஈரலில் மட்டும் கொஞ்சம் உண்டு.

கடுமையாக இருப்பவர்கள் நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிற்பார்கள். 100, 130 வரை போனாலும் அது குறைவான மாவுச்சத்துதான். நீங்கள் எந்த ரகம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு முடிவு செய்தால் எப்போதும் பரோட்டாதான் ஜெயிக்கும்.

இன்னொன்று, பசி தலைக்கேறும் வரை காத்திருக்காதீர்கள். பையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையோ நான்கு பாதாமோ இருக்கட்டும். அதை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால் கண் அலைபாயாது.

பெயரைப் பார்த்தே மாவைக் கண்டுபிடிப்பது

சோறும் பரோட்டாவும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். புதிதாகத் தொடங்குபவர்களை ஏமாற்றுவது கறியின் மேல் பூசி வரும் மாவு. கோழிதானே என்று சிக்கன் 65 சொல்வார்கள். அதில் சோள மாவு, மைதா, அரிசி மாவு, இவற்றில் ஏதோ இரண்டாவது இருக்கும். மொறுமொறுப்பு வேறு எங்கிருந்து வரும்?

மெனுவில் 65, மஞ்சூரியன், சில்லி, லாலிபாப், ஃபிங்கர், கிரிஸ்பி, கோல்டன், பக்கோடா என்று எது வந்தாலும் உள்ளே மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சூரியன், சில்லி வகைகளில் சாஸ் வழியாகச் சர்க்கரையும் சேரும். கோபி மஞ்சூரியனில் காலிஃபிளவர் இருக்கிறது என்பதற்காக அதைக் காய்கறி என்று நினைத்து ஒரு மாதம் சாப்பிட்ட நண்பர் எனக்கு உண்டு. எடை ஏன் குறையவில்லை என்று என்னிடமே கேட்டார்.

சுக்கா, வறுவல், மிளகு வறுவல், உப்புக்கறி, தந்தூரி, டிக்கா, தவா ஃப்ரை, கிரில், அல்ஃபாம் எல்லாம் பெரும்பாலும் நம் பக்கம். மதுரைப் பக்கம் போனால் மட்டன் சுக்கா, ஈரல், குடல், ரத்தப் பொரியல் என்று தட்டு தட்டாக வாங்கலாம். ஈரோடு, நாமக்கல் பக்கம் பள்ளிபாளையம் சிக்கன். இந்த உணவுமுறைக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போல இருக்கும்: விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லு பல்லாகக் கீறிய தேங்காய், எண்ணெய், கோழி, அவ்வளவுதான். தக்காளியும் இல்லை, மாவும் இல்லை. சிந்தாமணி சிக்கனும் அதற்குச் சொந்தக்காரன்தான். வெளியூர்க் கடைகளில் இதே பெயரைப் போட்டுச் சோள மாவில் புரட்டித் தருபவர்களும் உண்டு, அதனால் தட்டு வந்ததும் ஒரு துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மசாலா விரலோடு வழிந்தால் சரி. ஓடு மாதிரி உடைந்தால் மாவு.

மட்டன் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு இருக்கும். ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். மீனில் வஞ்சிரம் தவா ஃப்ரை நல்லது, நெத்திலி மாவில் புரண்டே வரும்.

கிரேவி என்றால், நாட்டுக்கோழிக் குழம்பு, மிளகுக் குழம்பு வகைகளில் வெங்காயமும் தேங்காயும்தான். பட்டர் சிக்கன், பன்னீர் பட்டர் மசாலா போன்றவற்றில் முந்திரி விழுதும் சிறிது இனிப்பும் சேரும். முந்திரி நூறு கிராமில் 30 கிராம் மாவுச்சத்து. ஆனால் ஒரு கிண்ணத்தில் நூறு கிராம் முந்திரியை எந்த முதலாளியும் போட மாட்டார். பயப்படாமல் தொட்டுக்கொள்ளலாம், கிண்ணத்தை வழித்துக் குடிக்க வேண்டாம்.

சர்வரிடம் என்ன கேட்பது

நீளமாக விளக்காதீர்கள். உடம்பு, எடை, சர்க்கரை என்று ஆரம்பித்தால் அவர் தன் மாமனாரின் கால் புண் கதையைச் சொல்வார். பின்னால் மூன்று மேசை காத்திருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான்: “தம்பி, இதுல சோள மாவு சேர்ப்பாங்களா?” தெரியாது என்றால், “மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.” அப்புறம், “மாவு போடாம, டிரையா, மிளகு தூக்கலா போட்டுத் தரச் சொல்லுங்க.” கடைசிச் சொல் முக்கியம். மாஸ்டருக்கு ‘போடாதே’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எரிச்சல் வரும். ‘மிளகு தூக்கலா’ என்றால் சாப்பிடத் தெரிந்த ஆள் வந்திருக்கிறான் என்று நினைப்பார், கவனித்தே செய்வார்.

மெஸ்ஸில் சோற்றைத் தவிர்க்க இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். உட்காரும்போதே, இலை போடுவதற்கு முன்னால், “சாப்பாடு இல்லைங்க, சைடு டிஷ் மட்டும்” என்று சொல்லிவிடுவேன். கரூர் மெஸ்காரர் கேட்ட கேள்வியே எழாது. சில கடைகளில் கூட்ட நேரத்தில் மீல்ஸ் வாங்காமல் உட்கார விட மாட்டார்கள். அங்கே மீல்ஸுக்கே காசு கொடுத்துவிட்டு, சோற்றுக்குப் பதிலாகப் பொரியலும் கூட்டும் இரண்டு மடங்கு கேளுங்கள். தாராளமாகப் போடுவார்கள், அவர்களுக்குச் சோறு மிச்சம். கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ், புடலை, அவரை என்றால் வாங்குங்கள். உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் வந்தால் இலைமேல் கையை வைத்து மறையுங்கள். ரசத்தைத் தம்ளரில் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். சாம்பாரில் பருப்பு இருக்கிறது, ஒரு கரண்டி போதும். அப்பளம் உளுந்து மாவு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நானும் மறப்பேன்.

பில் கூடத்தான் வரும். சோறு மலிவு, கறி விலை. அதைச் சமாளிக்க என்னிடம் இருக்கும் ஒரே வழி முட்டை.

பரோட்டாக் கடையில்

இரவு எட்டு மணிக்குக் கொத்துச் சத்தம் கேட்கிற கடையில் நமக்கு என்ன இருக்கிறது என்று கடந்து போகாதீர்கள். அந்தக் கல்லில் முட்டை வேகிறது. ஆஃப் பாயில், ஃபுல் பாயில், டபுள் ஆம்லெட், கரண்டி ஆம்லெட், பொடிமாஸ், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் கொங்குப் பக்கத்துக் கலக்கி.

கலக்கி போடுவதைப் பார்க்கவே ஒரு தடவை கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். எவர்சில்வர் தம்ளரில் முட்டையை உடைத்து, உப்பு, மிளகுத்தூள், கூடவே ஒரு சிறு கரண்டி சால்னா விட்டு டக டகவென்று அடிப்பார் மாஸ்டர். கல்லில் எண்ணெய் தடவி, ஊற்றி, ஓரம் வெள்ளையாகப் பிடிக்கிற நேரத்தில் தோசைக்கரண்டியால் நாலு பக்கமும் மடித்துவிட்டு, உடனே எடுத்துவிடுவார். பத்து விநாடி தாமதித்தால் அது ஆம்லெட். இலையில் வந்து விழும்போது உள்ளே இன்னும் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும். மூன்று கலக்கி, ஒரு சிக்கன் வறுவல். என் ராச்சாப்பாடு பல ஊர்களில் இதுதான். முழுதாக வேகாத முட்டை ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் ஃபுல் பாயிலாகக் கேளுங்கள்.

சால்னாவை ஊற்றிக்கொள்ளலாமா? தேங்காய், சோம்பு, கசகசா, சில கடைகளில் கெட்டியாக வரப் பொட்டுக்கடலை. ஒரு கரண்டி ஊற்றினால் தப்பில்லை. பரோட்டா இல்லாமல் வெறும் சால்னாவைக் குடிப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை, அது வேறு வருத்தம்.

ரோட்டோர ஆட்டுக்கால் சூப் நல்ல துணை. பெரிய ஹோட்டல் சூப்பில்தான் கெட்டித்தன்மைக்குச் சோள மாவு கரைத்து ஊற்றுவார்கள். ஹாட் அண்ட் சோர், ஸ்வீட் கார்ன் எல்லாம் அந்த ரகம். அங்கே கிளியர் சூப் கேளுங்கள்.

பிரியாணிக் கடை

குஸ்கா என்றால் பீஸ் இல்லாத பிரியாணி. நமக்கு வேண்டியது சோறு இல்லாத பிரியாணி. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. “எக்ஸ்ட்ரா பீஸ் மட்டும் கொடுங்க” என்றால் சில கடைகளில் தருவார்கள், பல கடைகளில் முறைப்பார்கள். என் யோசனை, பிரியாணியைத் தவிர வேறு எதுவும் இல்லாத கடைக்குள் முதல் மூன்று மாதம் நுழையாதீர்கள். சீரக சம்பா வாசனைக்கு முன்னால் மன உறுதி எல்லாம் சும்மா. தந்தூரி அடுப்பு உள்ள கடை என்றால் போகலாம், அரைக்கோழி சொல்லிவிட்டு வெங்காயமும் எலுமிச்சையும் இன்னொரு தட்டுக் கேளுங்கள்.

ஷவர்மாக் கடையில் குபூஸ் இல்லாமல் பிளேட்டில் கேட்டால் தருவார்கள். மயோனைஸ் விஷயத்தில் கொஞ்சம் கவனம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. முட்டை இல்லாத மயோனைஸ் பாக்கெட்டுகளில் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் சேர்ந்து வருவது வழக்கம். தொட்டுப் பார்க்கலாம், குழைத்துச் சாப்பிட வேண்டாம்.

சைவ ஹோட்டலில் உள்ள சங்கடம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்குச் சைவ ஹோட்டலில் நமக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இட்லி அரிசி, தோசை அரிசி, பொங்கல் அரிசி, பூரி கோதுமை அல்லது மைதா. வடை உளுந்துதானே என்பார்கள். உளுந்திலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். ஆனால் வேறு வழியே இல்லாத நாளில் இரண்டு இட்லியைவிட ஒரு மெதுவடை, தேங்காய்ச் சட்னி பரவாயில்லை. சட்னியிலும் பொட்டுக்கடலை கலந்திருக்கும், அதைப் பார்த்தால் வாழ முடியாது. நான் காலையை வரக்காப்பியோடு கடத்திவிட்டு மதியம் சேர்த்துச் சாப்பிடுவேன். மாத்திரை போடுபவர்கள் அப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது, வெளியூர் கிளம்பும்போதே அவித்த முட்டையோ வறுத்த பன்னீரோ கட்டிக்கொண்டு போங்கள்.

நார்த் இண்டியன் அயிட்டம் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். தந்தூரி அடுப்பைப் பல ஹோட்டல்களில் மாலை ஆறு, ஏழு மணிக்குத்தான் பற்ற வைப்பார்கள். இது தெரியாமல் நான்கு மணிக்குப் போய்ப் பன்னீர் டிக்கா கேட்டு, இல்லை என்றதும் நெய் ரோஸ்ட் சொன்ன அனுபவம் எனக்கே உண்டு. போனில் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனால் இந்தத் தொல்லை இல்லை.

நேரம் சரியாக இருந்தால் சைவ ஹோட்டலிலும் வயிறு நிறையும். பன்னீர் டிக்கா, பாலக் பன்னீர், மஷ்ரூம் பெப்பர் ஃப்ரை (இங்கேதான் ‘சோள மாவு இல்லாம’ என்று சொல்ல மறக்கக் கூடாது), தந்தூரி கோபி, வெள்ளரிக்காய் சாலட், ஒரு கப் தயிர். பாலக் பன்னீரை ஸ்பூனால் அப்படியே சாப்பிடுங்கள். ரொட்டி எத்தனை சார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார் சர்வர். “இப்ப வேண்டாம், அப்புறம் சொல்றேன்” என்பதுதான் சண்டை வராத பதில். முழுச் சைவர்களுக்கு நான் சொல்வது, கடுமையான 20 கிராம் கணக்கை வெளியூரில் பிடித்துத் தொங்காதீர்கள். ஒரு சப்பாத்தியை 15, 20 கிராம் என்று கணக்கில் எழுதிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். முட்டை சாப்பிடும் சைவர் என்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

குடிப்பது

டீக்கடையில் ‘வித்தவுட்’ என்றால் போதும், எல்லா ஊரிலும் புரியும். ஆனால் மாஸ்டர் போடுவதைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், பழக்கத்தில் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகும். சில கடைகளில் பாலிலேயே சர்க்கரையைக் கலந்து கொதிக்க வைத்திருப்பார்கள். அங்கே கட்டன் சாயாதான். உப்புப் போட்ட லெமன் சோடா, மோர் இரண்டும் நல்லவை. முதல் வாரத்தில் தலைவலியும் சோர்வும் வந்தால் உப்புப் போட்ட மோர் கேட்கும். பிரஷர் உள்ளவர்கள் உப்பை யோசித்துச் சேர்க்கவும். இளநீரிலும் இனிப்பு உண்டு, தினமும் இரண்டு குடித்துவிட்டு இயற்கைதானே என்று சொல்லக் கூடாது. குளிர்பானம் 300 மில்லியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கூட இருப்பவர்களைச் சமாளிப்பது

அலுவலக விருந்தில் நீங்கள் என்ன சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை, நீங்களாகச் சொல்லாதவரை. “நான் டயட்ல இருக்கேன்” என்று வாயைத் திறந்தால் ஆளுக்கொரு ஆலோசனை வரும். ஒருவர் கிட்னி போய்விடும் என்பார், இன்னொருவர் சிறுதானியம் சாப்பிடு என்பார் (கம்பும் தினையும் மாவுச்சத்துதான், சாப்பாட்டு மேசையில் அந்த வாதத்தை ஆரம்பிக்காதீர்கள்). எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுக்கும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டரில் டிக்காவும் தந்தூரியும் இரண்டு பிளேட் கூடுதலாக வரும்படி பார்த்துக்கொண்டால் பிரியாணி வரும்போது உங்கள் வயிறு நிறைந்திருக்கும்.

கல்யாணப் பந்தி இதைவிடக் கஷ்டம். அங்கே பரிமாறுபவர் கேட்காமலே வைத்துவிட்டுப் போவார், பெரியம்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இலையில் வைத்ததை வீணாக்கவும் மனம் வராது. நான் கடைசிப் பந்திக்குப் போகிறேன். அதற்குள் பாதி இனிப்பு தீர்ந்திருக்கும், பரிமாறுகிறவர்களும் களைத்திருப்பார்கள். பெரியம்மா நிற்கும் பந்தி என்றால் ஒரு கரண்டி சோறு வாங்கிவிடுவேன். அவரோடு சண்டை போட்டு எந்தச் சர்க்கரையும் இறங்கப் போவதில்லை.

நள்ளிரவு மோட்டல்

கடைசியாக, பஸ் நின்றுவிட்டது, டிரைவர் பத்து நிமிஷம் என்கிறார். நெடுஞ்சாலை மோட்டல். உள்ளே ஆறிப்போன பரோட்டா, தோசை, அநியாய விலை. உள்ளே போகாதீர்கள். வாசலில் தள்ளுவண்டி இருக்கிறதா பாருங்கள். அவித்த முட்டையைப் பிளந்து மிளகுத்தூள் தூவித் தருவார்கள். பொட்டலத்தில் வேர்க்கடலை இருக்கும், முப்பது கிராம் சாப்பிட்டால் ஐந்து கிராம் மாவுச்சத்து, அதிலும் பாதி நார். வெள்ளரிப் பிஞ்சு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒன்றும் இல்லை என்றால் ஒரு வித்தவுட் டீ. மறக்காமல் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து ஏறுங்கள், இந்த உணவுமுறையில் முதல் சில வாரம் சிறுநீர் அடிக்கடி வரும், அடுத்த நிறுத்தம் எத்தனை மணிக்கு என்று டிரைவருக்கே தெரியாது.